32 ஆம்பியர் ஐந்து பின் சாக்கெட் ஒன்றுதான் இருக்கு: டிம்மர், எல்.இ.டி. எல்லாம் தாங்குமா? எந்த கனெக்டர் எங்கே?

திரைக்குப்பின்:

வணக்கம். ஒரு நாடக மேடைக்கு லைட் போட வேண்டும். மேடை ஓரத்தில் சிவப்பு நிற, ஐந்து பின், 32 ஆம்பியர் சி.இ.இ. (தொழிற்சாலை வகை) சாக்கெட் ஒன்று இருக்கிறது. போர்டில் அதற்கு நான்கு போல் 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் (கரன்ட் அதிகமானால் விழும் சுவிட்ச்), 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) ஒன்றும். லைட்டுக்கு வேறு சப்ளை கிடையாது. சவுண்டுக்குத் தனி சர்க்யூட் உண்டு.

கையில் இருக்கும் சாமான்:

12 சேனல் டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) ஒன்று. சேனலுக்கு 10 ஆம்பியர், உள்ளே வருவது 32 ஆம்பியர் மூன்று ஃபேஸ், வெளியே 15 ஆம்பியர் உருண்டைப் பின் சாக்கெட்டுகள்.
பார் 64 (பார் கேன் என்னும் பல்பு லைட்), 1000 வாட்: 8
புரொஃபைல் (கூர்மையான விளிம்புள்ள ஒளி தரும் பல்பு லைட்), 750 வாட்: 4
ஃப்ரெனெல் (மென்மையான விளிம்புள்ள ஒளி தரும் பல்பு லைட்), 1000 வாட்: 2
எல்.இ.டி. பார்: 16. லேபிளில் 100 வாட், 0.8 ஆம்பியர். பவர்கான் (திருப்பிப் பூட்டும் பவர் கனெக்டர்) இன், அவுட் இரண்டும் உண்டு.
மூவிங் ஹெட் (தானே திரும்பும் லைட்): 2. லேபிளில் 1.7 ஆம்பியர்.

சந்தேகங்கள்:

1. பல்பு லைட் 13 கிலோவாட், எல்.இ.டி. 1.6, மூவிங் ஹெட்டையும் சேர்த்தால் 15.5க்குள் வருகிறது. சாக்கெட் 22 கிலோவாட் தரும். தாராளமாகப் போதும் என்று எடுத்துக்கொள்ளலாமா?
2. டிம்மரில் இரண்டு சேனல் மிச்சம் இருக்கிறது. அதை 100 சதவீதத்தில் வைத்து எல்.இ.டி.க்குக் கொடுக்கலாமா?
3. 16 எல்.இ.டி.யையும் வரிசையாகக் கோத்து, 16 ஆம்பியர் பி டைப் எம்.சி.பி. வழியாகச் சுவிட்சைப் போட்டால் உடனே விழுகிறது. நான்கைக் கழற்றினாலும் விழுகிறது.
4. ஒரு 15 ஆம்பியர் பிளக்கில் ஒரு பின் மட்டும் கறுத்து, பக்கத்து பிளாஸ்டிக் இளகியிருக்கிறது. அதில் இருந்தது இரண்டு பார் கேன் மட்டுமே.
5. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போதாவது ஆர்.சி.சி.பி. விழுகிறது. உடனே தூக்கிவிட்டால் நிற்கிறது.

ஓம்விதி:

முதல் கேள்வியிலேயே இரண்டு சறுக்கல் இருக்கிறது. மூன்று ஃபேஸில் மொத்த கிலோவாட்டைக் கூட்டிப் பார்த்துப் பயனில்லை. எந்த ஒரு ஃபேஸும் 32 ஆம்பியரைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. மொத்தம் 15 கிலோவாட்டாகவே இருந்தாலும் அதில் 8 ஒரே ஃபேஸில் போய் உட்கார்ந்தால் 34.8 ஆம்பியர்.

அடுத்தது, எல்.இ.டி.யை வாட்டை வைத்துக் கணக்குப் போட்டது. 100 வாட்டை 230ஆல் வகுத்தால் 0.43 ஆம்பியர். லேபிளோ 0.8 என்கிறது. பவர் ஃபேக்டர் (வாட்டை வோல்ட் × ஆம்பியரால் வகுத்தால் வருவது) 0.54 அளவில்தான் இருக்கிறது என்று அர்த்தம். கம்பியும் எம்.சி.பி.யும் பார்ப்பது ஆம்பியரை மட்டும். ஆகவே 16 எல்.இ.டி.க்கு 7 அல்ல, 12.8 ஆம்பியர். பல்பு லைட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 1000 வாட் என்றால் 4.35 ஆம்பியர்.

டிம்மரின் பின்பக்கத் தாளைப் பாருங்கள். பெரும்பாலும் 1 முதல் 4 வரை முதல் ஃபேஸ், 5 முதல் 8 இரண்டாவது, 9 முதல் 12 மூன்றாவது. சில மாடல்களில் 1, 4, 7, 10 ஒரு ஃபேஸாக இருக்கும். ஊகிக்க வேண்டாம். முதல் வகை என்று வைத்துக்கொண்டு நான் இப்படிப் பிரிப்பேன்:

முதல் ஃபேஸ்: பார் கேன் ஜோடி இரண்டு. சேனலுக்கு 8.7 வீதம் 17.4. எல்.இ.டி. 8, அது 6.4. மொத்தம் 23.8 ஆம்பியர்.
இரண்டாவது: பார் ஜோடி ஒன்று 8.7, புரொஃபைல் இரண்டு 6.5, ஃப்ரெனெல் ஒன்று 4.35. எல்.இ.டி. 6, அது 4.8. மொத்தம் 24.35.
மூன்றாவது: பார் ஜோடி ஒன்று, புரொஃபைல் இரண்டு, ஃப்ரெனெல் ஒன்று, ஆக 19.55. எல்.இ.டி. 2, அது 1.6. மூவிங் ஹெட் இரண்டு, 3.4. மொத்தம் 24.55.

தொடர்ந்து மணிக்கணக்கில் எரியும் லோடுக்கு 80 சதவீதத்தைத் தாண்டாமல் வைப்பது நல்லது. 32க்கு அது 25.6. எல்லாமே ஃபுல்லில் எரிந்தாலும் மூன்றும் அதற்குள் நிற்கிறது. ஆனால் புகை மெஷினை இதில் ஏற்ற இடமில்லை. அதன் ஹீட்டர் சூடேறும்போது மட்டும் இழுக்கும் என்பதால் ஒத்திகையில் தெரியாமல் காட்சி நடுவில் வந்து நிற்கும். வேறு சர்க்யூட் இருந்தால் அதில் போடுங்கள்.

இன்னொன்று: 12 சேனல் × 10 ஆம்பியர் என்று டிம்மரில் எழுதியிருப்பதை நம்பி எல்லாச் சேனலையும் நிரப்ப முடியாது. நான்கு சேனல் × 10 என்றால் ஃபேஸுக்கு 40. வருவதே 32தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: கூடாது, 100 சதவீதத்தில் வைத்தாலும் கூடாது. டிம்மர் மின்னலையை ஒவ்வொரு அரை சுற்றிலும் நடுவில் வெட்டிக் கொடுக்கும். ஃபுல்லில் வைத்தாலும் அலை முழுசாக வராது; உள்ளே எலக்ட்ரானிக் சுவிட்சாக இருக்கும் ட்ரையாக் அல்லது எஸ்.சி.ஆர். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதித்தே திறக்கும். அந்தச் செங்குத்தான எழுச்சி எல்.இ.டி. பவர் சப்ளையின் கபாசிட்டரைத் தாக்கிக்கொண்டே இருக்கும். சில நாள் நன்றாகத்தான் எரியும், அதனால்தான் பலரும் செய்கிறார்கள். யாரோ தவறுதலாக அந்தச் சேனலின் ஃபேடரை (வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் பிடி) 40க்கு இறக்கினால் அன்றே முடிந்தது. ரிலே (கான்டாக்ட் சேர்ந்து பிரியும் சுவிட்ச்) மாட்யூல் உள்ள டிம்மர் என்றால் கதை வேறு. ஆனால் டிம்மரை 'சுவிட்ச் மோடில்' வைப்பதும் ரிலேயும் ஒன்றல்ல. அந்த மோடிலும் உள்ளே ட்ரையாக்தான் வேலை செய்கிறது.

கிரிட்மேல்:

நான் 3, 4 ரெண்டையும் எடுத்துக்கறேன், கூடவே கனெக்டர் விஷயமும்.

எம்.சி.பி. விழுறது ஓவர்லோடால இல்ல. 12.8 ஆம்பியருக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. சுவிட்ச் போட்ட கணத்துல ஒவ்வொரு எல்.இ.டி.க்குள்ளயும் காலியா இருக்கிற கபாசிட்டர் நிறையணும். ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரம்தான், ஆனா ஒரு லைட்டே பல பத்து ஆம்பியர் இழுக்கும். பதினாறும் ஒரே நொடியில இழுத்தா பி டைப் தாங்காது. பி டைப் அதன் ரேட்டிங்ல 3 முதல் 5 மடங்கு போனாலே காந்தப் பக்கம் உடனே தட்டிவிடும். 16க்கு அது 48ல ஆரம்பிக்குது. சி டைப்புக்கு 5 முதல் 10 மடங்கு.

அதுக்காக சி16 வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. சி16 ஷார்ட் சர்க்யூட்ல உடனே விழணும்னா 160 ஆம்பியர் ஓடணும். 230ஐ 160ஆல வகுத்தா 1.44 ஓம். லைன் முழுக்கப் போய்வர்ற ரெசிஸ்டன்ஸ் அதுக்குக் கீழ இருக்கணும். 50 மீட்டர் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கேபிள் போய்வர 0.72 ஓம், பரவாயில்ல. அதே 50 மீட்டர் 1.5 ஸ்கொயர்ல 1.2 ஓம், கட்டடத்து வயரிங்கோட ரெசிஸ்டன்ஸையும் சேர்த்தா எல்லையைத் தொட்டுடும். அப்போ கடைசி லைட்ல ஷார்ட் ஆனா எம்.சி.பி. யோசிச்சுக்கிட்டே நிக்கும், கேபிள் சூடாகும். எம்.சி.பி. மாத்துறதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்கிட்ட லூப் (லைன் போய்வர்ற மொத்த ரெசிஸ்டன்ஸ்) அளந்துட்டு செய்யச் சொல்லுங்க. நீங்க செய்ய வேண்டியது கோர்வையைப் பிரிக்கிறது. ஓம்விதி சொன்ன 8, 6, 2 பிரிவு இதுக்கும் உதவும். எட்டைக்கூட நாலு நாலா ரெண்டு எம்.சி.பி.ல போட்டு, ஒண்ணு போட்டு ரெண்டு நொடி கழிச்சு அடுத்ததைப் போடுங்க.

கறுத்த பிளக். 15 ஆம்பியர் பிளக்ல 8.7 ஆம்பியர் ஓடி உருகுதுன்னா ஆம்பியர் காரணமில்ல, லூஸ் கான்டாக்ட். அந்த ஒரு பின்ல 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்தா போதும், 8.7ஐ 8.7ஆல பெருக்கி 0.1ஆல பெருக்குங்க: 7.5 வாட்டுக்கு மேல, ஒரு சுண்டுவிரல் நுனி அளவு இடத்துல. சூடானா பித்தளை ஸ்பிரிங் தளரும், தளர்ந்தா இன்னும் சூடாகும். அதனால அந்தப் பிளக்கை மட்டும் மாத்தினா போதாது. அது சொருகியிருந்த சாக்கெட்டையும் மாத்தணும். இல்லேன்னா வெந்துபோன சாக்கெட் புதுப் பிளக்கையும் அடுத்த வாரமே கறுக்க வச்சிடும். பிளக்கைத் திறந்து பாருங்க: ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்ல வயர் நுனியில ஈயம் வச்சிருப்பாங்க. ஈயம் வச்ச நுனியை ஸ்க்ரூவுக்குக் கீழ நெரிக்கவே கூடாது. ஈயம் அழுத்தத்துல மெல்ல நகரும், இன்னைக்கு டைட்டா இருக்கிறது ஒரு மாசத்துல தளர்ந்துடும். இழைக் கம்பிக்கு ஃபெரூல் (சின்ன உலோகக் குழல்) போட்டு கிரிம்ப் பண்ணுங்க.

இப்போ கனெக்டர்.

15 ஆம்பியர் உருண்டைப் பின்: டிம்மர்ல இருந்து பல்பு லைட்டுக்கு மட்டும். பிளக்குக்குள்ள ஃபியூஸ் கிடையாதுங்கறதுதான் இதோட அருமை. பல்பு போகும்போது உள்ளே ஆர்க் வந்து ஃபியூஸ் அடிக்கும். அந்த ஃபியூஸ் மேலே பைப்புல தொங்குற பிளக்குக்குள்ள இருந்தா யார் ஏணி போடறது? டிம்மர்லயே இருந்தா கீழ நின்னு தூக்கிடலாம். இந்த சாக்கெட்டை எல்.இ.டி. சப்ளைக்கும் வச்சீங்கன்னா ஒருநாள் யாராவது மாத்திச் சொருகுவாங்க. டிம்மர் லைனுக்கு ஒரு கனெக்டர், நேர் சப்ளைக்கு வேறு கனெக்டர்னு பிரிச்சிடுங்க. நேர் சப்ளைக்கு நீலநிற 16 ஆம்பியர் சி.இ.இ. நல்லது.

சி.இ.இ.: நீலம் 230 வோல்ட், சிவப்பு 400, மஞ்சள் 110. எர்த் பின் மத்ததைவிடத் தடிமனா இருக்கும்; அது இருக்கிற இடத்தாலதான் வோல்டேஜ் மாறிச் சொருக முடியாம தடுக்குது. கேபிள் அளவு வழக்கமா 16 ஆம்பியருக்கு 2.5 ஸ்கொயர், 32க்கு 6, 63க்கு 16, 125க்கு 35. 32ல இருந்து 16க்கு வெறும் அடாப்டர் மட்டும் போட்டா, பின்னாடி இருக்கிற 2.5 ஸ்கொயர் கேபிளுக்குக் காவல் 32 ஆம்பியர் எம்.சி.பி.தான். அது விழறதுக்குள்ள கேபிள் வெந்துடும். நடுவுல 16 ஆம்பியர் எம்.சி.பி. உள்ள டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸ் இருந்தே ஆகணும். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்: உள்ளே 32 ஐந்து பின், டிம்மருக்கு அப்படியே ஒரு 32 வெளியே, கூட ஃபேஸுக்கு ரெண்டு வீதம் ஆறு 16 ஆம்பியர் நீல சாக்கெட்.

பவர்கான்: நீலம் லைட்டுக்குள்ள போறது, சாம்பல் லைட்ல இருந்து வெளியே வர்றது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது, அதனால தப்பாக் கோக்க வழியில்ல. 20 ஆம்பியர் தாங்கும். ஆனா பழைய நீல பவர்கானை லோடு ஓடும்போது சொருகவோ பிடுங்கவோ கூடாது. கரன்ட்டை முறிக்கிற திறன் அதுக்கு இல்ல. கான்டாக்ட்ல ஆர்க் விழுந்து குழி விழும், அப்புறம் அந்தப் பிளக் கதைதான். பவர்கான் ட்ரூ1ங்கற புது வகை வேற: 16 ஆம்பியர், லோடுலயே எடுக்கலாம், அதுக்குன்னே செஞ்சது. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேராது, எனவே ஸ்பேர் கேபிள் எண்ணும்போது தனித்தனியா எண்ணுங்க. கிளிக்னு லாக் விழற வரைக்கும் திருப்பணும். பாதி திருப்பல்ல நின்னா கான்டாக்ட் நுனியில மட்டும் தொட்டுக்கிட்டு இருக்கும்.

கனெக்டர் 20 ஆம்பியர் தாங்கும்கறதுக்காக லைட் தாங்கும்னு இல்ல. ஒரு லைட்டோட இன்ல இருந்து அவுட்டுக்கு உள்ளே போற சின்ன வயர்தான் எல்லை. மேனுவல்ல எத்தனை லைட் கோக்கலாம்னு போட்டிருக்கும், அதுக்கு மேல போகாதீங்க.

கடைசியா ஒண்ணு. கரன்ட் தர்ற முனை எப்பவும் பெண் சாக்கெட், வாங்குற முனை ஆண் பின். ரெண்டு பக்கமும் ஆண் பின் வச்ச கேபிளை யாராவது 'அவசரத்துக்கு' செஞ்சு வச்சிருந்தா அதை வெட்டிப் போட்டுட்டு மத்த வேலையைப் பாருங்க.

நாலாவதுகம்பி:

ஐந்தாவது கேள்விக்கு. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சரியாக 30இல் விழும் என்று நினைப்பது பொதுவான தவறு. 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம், தரக்கட்டுப்பாடே அப்படித்தான். ஒவ்வொரு எல்.இ.டி.யிலும் இரைச்சல் வடிகட்டி இருக்கிறது, அதில் ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒய் கபாசிட்டர். லைட் எந்தப் பழுதும் இல்லாமல் இருந்தாலும் அதன் வழியே அரை முதல் ஒரு மில்லிஆம்பியர் எர்த்துக்குக் கசிந்துகொண்டே இருக்கும். பதினாறு லைட், இரண்டு மூவிங் ஹெட் என்றால் பதினைந்தைத் தொட்டுவிடுகிறீர்கள். அதன் பிறகு ஈரம் உறிஞ்சிய ஒரு பழைய பார் கேனின் ஹோல்டரோ, சப்ளையில் வரும் ஒரு சிறு எழுச்சியோ போதும், மீதியைத் தள்ளிவிட. தூக்கினால் நிற்பதற்கும் அதுவே காரணம்.

எல்.இ.டி.களை மூன்று ஃபேஸிலும் சமமாகப் பரப்பினால் இந்தக் கசிவுகள் 120 டிகிரி விலகி இருப்பதால் ஒன்றையொன்று பெருமளவு அடித்துக்கொள்ளும். அந்த விதத்தில் 8, 6, 2 பிரிவைவிட 6, 5, 5 நல்லது. ஆனால் மூன்றாவது ஃபேஸில் அப்போது லோடு 26.95 ஆகிவிடும். ஆகவே உண்மையான தீர்வு, டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸில் ஒவ்வொரு 16 ஆம்பியர் அவுட்டுக்கும் தனி ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) வைத்து, ஒவ்வொன்றின் கீழும் நிரந்தரக் கசிவு 9 மில்லிஆம்பியருக்குள், அதாவது 30இல் 30 சதவீதத்துக்குள் நிற்கும்படி லைட்டுகளைப் பிரிப்பது. ஆனால் மேலே கட்டடத்துப் போர்டில் உள்ள 30ஐ அப்படியே விட்டால் இதற்குப் பயனில்லை, அதுதான் முதலில் விழும். மேலே 100 அல்லது 300 மில்லிஆம்பியர், நேரத் தாமதம் உள்ள வகை, கீழே 30. அந்த மாற்றம் அரங்கத்தின் எலக்ட்ரீஷியன் முடிவு, உங்களுடையது அல்ல. வகையையும் கேளுங்கள்: எலக்ட்ரானிக் லோடுக்கு ஏ.சி. டைப் போதாது, ஏ டைப் வேண்டும்.

எந்தக் காரணத்துக்காகவும் ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி ஜம்பர் போடாதீர்கள்.

இதுவரை யாரும் தொடாத விஷயம் நியூட்ரல். மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரன்ட் ஓடாது என்று பாடப் புத்தகம் சொல்லும். டிம்மரில் அது பொய். அலையை வெட்டுவதால் மூன்றாம் ஹார்மானிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஒரு துணை அலை) உண்டாகிறது. அது மூன்று ஃபேஸிலும் ஒரே திசையில் இருப்பதால் நியூட்ரலில் கழிபடாமல் கூடுகிறது. எல்லாச் சேனலும் பாதியில் எரியும் காட்சியில் நியூட்ரல் கரன்ட் ஃபேஸ் கரன்ட்டையே தாண்டும். பவர் ஃபேக்டர் 0.54 உள்ள எல்.இ.டி.களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நியூட்ரல் கம்பி ஃபேஸைவிட மெலிதாக உள்ள பழைய கேபிளை டிம்மருக்குப் பயன்படுத்தக் கூடாது. மூன்று ஃபேஸையும் தொட்டுப் பார்த்து 'சூடு இல்லையே' என்பவர்கள் நியூட்ரல் லக்கைத் (கம்பி முனையின் உலோகத் துண்டு) தொட்டுப் பார்ப்பதில்லை. (தொட்டுப் பார்ப்பதென்றால் சப்ளையை நிறுத்திய பிறகு.)

அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் நிலைமை வேறு. ஃபேஸ்களுக்கு இடையே 400 வோல்ட். நடுப்புள்ளி இல்லாதபோது இரண்டு ஃபேஸின் லோடுகள் தொடராக நின்று அதைப் பங்கிடும். லோடு குறைந்த ஃபேஸில் உள்ள சாமானுக்கு அதிக வோல்ட் கிடைக்கும். சில லைட் மங்கும், சில பளீரென்று எரிந்து போகும், எல்.இ.டி. பவர் சப்ளைகள் வரிசையாகச் சாகும். இது நடக்கும்போது எம்.சி.பி. விழாது. ஆகவே டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸை முதன்முறை இணைக்கும்போது இந்த வரிசையில் போங்கள்: பாக்ஸின் எல்லா எம்.சி.பி.யும் இறக்கிய நிலையில் 32ஐச் சொருகுங்கள். மீட்டரில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில் வருகிறதா, ஃபேஸுக்கு ஃபேஸ் 400 அளவில் வருகிறதா, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வருகிறதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிம்மரை ஆன் செய்து ஒரே ஒரு ஃபேஸில் ஒரு ஜோடி பார் கேனை எரியவிட்டு மறுபடியும் மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு அளந்து பாருங்கள். லோடுள்ள ஃபேஸ் வெகுவாகக் குறைந்து மற்ற இரண்டும் ஏறினால் நியூட்ரல் லூஸ். அங்கேயே நிறுத்துங்கள். எல்.இ.டி.களைக் கடைசியாகத்தான் இணைக்க வேண்டும்.

டிம்மரின் வெளிப்பக்கத்தைச் சாதாரண மீட்டரில் அளந்தால் எண் தப்பாக வரும், வெட்டிய அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் வேண்டும். ஃபேடர் பூஜ்யத்தில் இருந்தாலும் ட்ரையாக் வழியே கசிவு இருக்கும். பல்பு மாற்றும்போது ஃபேடரை இறக்கியது போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

திரைக்குப்பின்:

நன்றி. கறுத்த பிளக்கைத் திறந்தேன், கிரிட்மேல் சொன்னதுபோலவே ஈயம் வைத்த நுனி, ஸ்க்ரூ அரைச்சுற்று ஓடியது. இன்னும் மூன்று கேள்வி.

லைட் தொங்கும் பைப்புகள் டிம்மரிலிருந்து 40 மீட்டர் தள்ளி. தனித்தனி கேபிள் இழுப்பதா, சோகாபெக்ஸ் (பல சர்க்யூட் ஒன்றாகப் போகும் கேபிள்) எடுப்பதா? டிம்மர் ஓடினால் ஸ்பீக்கரில் இரைச்சல் வருகிறது; டிம்மரின் எர்த்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்கிறார் சவுண்டு பார்ப்பவர். எல்.இ.டி.க்கு டி.எம்.எக்ஸ். (லைட்டைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) கேபிள் பத்தாமல் மைக் கேபிளைப் போட்டோம், கடைசி சில லைட் துடிக்கின்றன. அது கரன்ட் பிரச்சினையா?

நாலாவதுகம்பி:

எர்த்தைக் கழற்றாதீர்கள். டிம்மரின் உடம்பு, அதில் சொருகிய ஒவ்வொரு லைட்டின் உடம்பு, அவை தொங்கும் பைப் எல்லாம் அந்த ஒரு கம்பியை நம்பி இருக்கின்றன. கழற்றிய பின் ஒரு பார் கேனில் ஃபேஸ் உடம்பைத் தொட்டால் பைப் முழுவதும் 230 வோல்ட், எம்.சி.பி.யும் விழாது, ஆர்.சி.சி.பி.யும் யாராவது தொடும்வரை விழாது. இரைச்சலைச் சவுண்டு பக்கத்தில் தீர்க்க வேண்டும்: சிக்னல் லைனில் ட்ரான்ஸ்ஃபார்மர் ஐசோலேட்டர், பேலன்ஸ்டு கேபிள். மைக் கேபிளை டிம்மர் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் ஒரு மீட்டராவது விலக்குங்கள், குறுக்கே போயாக வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். அலையை வெட்டும் சத்தம்தான் அது. ஃபேடர் பாதியில் இருக்கும்போது அதிகமாகவும் ஃபுல்லில் குறைவாகவும் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஓம்விதி:

40 மீட்டருக்கு வோல்டேஜ் டிராப்பைப் பாருங்கள். தாமிரத்துக்கு ஒரு மீட்டர் நீளம், ஒரு ஸ்கொயர் எம்.எம். என்றால் 0.018 ஓம். போய்வர 80 மீட்டர். 1.5 ஸ்கொயரில் 0.96 ஓம், 8.7 ஆம்பியரில் 8.4 வோல்ட், 3.6 சதவீதம். 2.5 ஸ்கொயரில் 5 வோல்ட், 2.2 சதவீதம். பல்பு லைட்டில் வெளிச்சம் ஏறத்தாழ வோல்ட்டின் 3.4ஆவது அடுக்காகப் போகும், ஆகவே 3.6 சதவீத டிராப் 12 சதவீத வெளிச்சத்தைத் தின்றுவிடும், நிறமும் மஞ்சளாகும். பக்கத்துப் பக்கத்து லைட்டில் ஒன்று 1.5, இன்னொன்று 2.5 என்று போட்டால் கண்ணுக்கே தெரியும். மிச்ச கேபிளை டிரம்மில் சுற்றியபடி விடாதீர்கள். டிரம்மின் லேபிளில் சுற்றிய நிலைக்கு ஒரு வாட், முழுதும் பிரித்த நிலைக்கு ஒரு வாட் என்று இரண்டு எண் இருக்கும், முதலாவது மிகவும் குறைவு.

கிரிட்மேல்:

பத்துச் சேனல்னா சோகாபெக்ஸ்தான். ஒரு கேபிள்ல ஆறு சர்க்யூட், அதனால ரெண்டு கேபிள். 19 பின்: 1, 3, 5, 7, 9, 11 ஃபேஸ், 2, 4, 6, 8, 10, 12 அந்தந்த சர்க்யூட்டோட நியூட்ரல், 13 முதல் 18 எர்த், 19 காலி. 2.5 ஸ்கொயர் உள்ளதா எடுங்க, 1.5லயும் வருது. மேலே ஒரு பிரிப்பான், அதுல ஆறு பெண் சாக்கெட். கீழே டிம்மர் பக்கம் ஆறு ஆண் பிளக். ஒவ்வொரு வாலுக்கும் நம்பர் வளையம் போடுங்க.

சோகாபெக்ஸ்ல தப்பாகிற இடம் ரெண்டு. உள்ள பள்ளத்தைச் சரியா நிறுத்தாம வளையத்தை முறுக்கினா பின் வளைஞ்சிடும். வளைஞ்ச பின் பக்கத்துச் சர்க்யூட்டைத் தொடும். ரெண்டாவது, பாதி முறுக்கின வளையம்; மேலே தொங்கும்போது எடையில மெல்ல கழண்டு வரும். கனெக்டர் தன் எடையைத் தாங்கக் கூடாது, கேபிளைப் பைப்புல கட்டிடுங்க. சோதிக்க எளிய வழி: ஒரு நேரத்துல ஒரு சர்க்யூட்டை மட்டும் 30 சதவீதத்துல ஏத்தி, வேறு எந்த லைட்டாவது மினுக்குதான்னு பாருங்க.

ரெண்டு சோகாபெக்ஸும் மூணு ஃபேஸைக் கலந்து சுமக்கும்னா ஒரே கேபிளுக்குள்ள 400 வோல்ட் வித்தியாசம் இருக்கும். வேற வழியில்லேன்னா பரவாயில்ல, லேபிள்ல எழுதி ஒட்டுங்க.

டி.எம்.எக்ஸ். கரன்ட் பிரச்சினை இல்ல. அந்தக் கேபிள் 120 ஓம் இம்பிடன்ஸ் உள்ளதா இருக்கணும், மைக் கேபிள் அதுக்குக் கணிசமாக் கீழ. சிக்னல் கடைசி லைட்ல மோதித் திரும்பி வந்து குழப்பும். கடைசி லைட்டோட அவுட்ல 2ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவுல 120 ஓம் ரெசிஸ்டர் வச்ச டெர்மினேட்டர் போடுங்க. பின் 1 பொது, 2 டேட்டா மைனஸ், 3 டேட்டா பிளஸ். ஷீல்டை கனெக்டரின் உடம்போட சேர்க்காதீங்க. ஒரு வரிசையில 32 லைட்டுக்கு மேல வேணாம், ஒய் கேபிள் போட்டுப் பிரிக்கவும் வேணாம், ஸ்ப்ளிட்டர் வாங்குங்க. எக்ஸ்.எல்.ஆர். (மைக், டி.எம்.எக்ஸ். கேபிள்ல இருக்கிற) கனெக்டர்ல 230 வோல்ட் ஏத்தின பழைய பெட்டி ஏதாவது உங்க சாமான்ல இருந்தா, அதைத் தனியா எடுத்து வச்சிடுங்க.

ஓம்விதி:

பிளக் மாற்றும்போது நிறத்தில் கவனம். புதிய கேபிளில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஒன்றில் நியூட்ரலாக இருக்கும் நீலம் மற்றதில் ஃபேஸ். புதிய மூன்று ஃபேஸ் கேபிளில் கறுப்பும் ஒரு ஃபேஸ்தான். பழைய பெட்டியையும் புதிய கேபிளையும் சேர்க்கும் இடத்தில் நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

பிளக்குக்குள் எர்த் கம்பியை மற்ற இரண்டைவிட ஒரு விரற்கடை நீளமாக விடுங்கள். யாராவது கேபிளைப் பிடித்து இழுத்தால் கடைசியாகப் பிடுங்கப்படுவது எர்த்தாக இருக்க வேண்டும். கேபிள் கிளாம்ப் வெளி ரப்பர் உறையைப் பிடிக்க வேண்டும், உள்ளே இருக்கும் நிறக் கம்பிகளை அல்ல. பார் கேனுக்குள் பி.வி.சி. வயர் போடாதீர்கள், அந்தச் சூட்டுக்கு சிலிக்கான் அல்லது கண்ணாடி இழை உறை வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கேபிளுக்கும் எர்த் தொடர்ச்சி பாருங்கள்: 10 மீட்டர் 2.5 ஸ்கொயரில் எர்த் கம்பி 0.07 ஓம்தான் வர வேண்டும், மீட்டர் லீடின் ரெசிஸ்டன்ஸைக் கழித்துவிட்டு. அரை ஓம் காட்டினால் எங்கோ லூஸ். பிறகு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, எர்த்துக்கு எதிராக 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்து அளக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே போனால் அந்தக் கேபிளையோ லைட்டையோ ஒதுக்குங்கள். எல்.இ.டி.யை 500இல் அடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் சர்ஜ் பாதுகாப்பு பொய்யான குறைந்த எண்ணைக் காட்டும். 250 வோல்ட் போதும். பார் கேன் குளிர்ந்த நிலையில் தேறாமல் போனால் அரை மணி நேரம் எரியவிட்டு ஈரம் போன பிறகு மறுபடி அளக்கலாம், ஆனால் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மட்டும், எர்த் சரியாக இருப்பதை உறுதி செய்த பிறகு.